ஏழாவது பக்கம்

ஏழாவது பக்கத்தில் அம்மாவின் பெயர் இருந்தது.

நிசாந்தினி விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டாள். கனகேஸ்வரி, அறுபத்திரண்டு வயது, குரோருட் புறநகர் முகவரி. மார்பகப் புற்றுநோய்ப் பிரிவு. இன்று 11.10, மருந்தேற்றல், மூன்றாம் முறை.

மூன்றாம் முறை. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் தலையைச் சுற்றிச் சால்வையோடு இருந்த அம்மாவிடம், "என்னம்மா, குளிரோ?" என்று கேட்டிருந்தாள். "ஓம் பிள்ளை, சரியான குளிர்." அதை நம்பி இன்னொரு அகப்பை சோறு போட்டுக்கொண்டவள் அவள்.

நிசாந்தினியின் குழு பராமரிக்கும், மருத்துவமனை இணையத்தளத்துக்கு முன்னால் நிற்கும் மென்பொருளின் வேலை, ஒருமுறை கேட்ட பக்கத்தைச் சேமித்து வைத்து அடுத்தவருக்கு உடனே கொடுப்பது. பொதுப் பக்கங்களை மட்டும். ஆனால் பக்கத்தின் இணைய முகவரியின் முடிவு ஒரு படத்தின் பெயர்போல இருந்தால், ஒருவருடைய சொந்தப் பக்கத்தையும் படமென்று நினைத்து வைத்துக்கொண்டது. நோயாளர்களுக்குக் காலையில் போன நினைவூட்டல் குறுஞ்செய்திகளில் இருந்த இணைப்பு அப்படித்தான் முடிந்தது. திறந்தவர்கள் பதினொரு பேர். அந்தப் பதினொரு பக்கங்களையும் வெளியார் யாரும் பார்த்திருக்கலாம்.

"இதில் என் அம்மா இருக்கிறார்," என்றாள் குழுத்தலைவி நோராவிடம், நோர்வேஜிய மொழியில்.

நோரா அவள் தோளில் கை வைத்தாள். "பதினொரு பேருக்கும் மருத்துவமனையின் கடிதம் போகும். அதுவரை உனக்கு எதுவும் தெரியாது. அம்மாவிடமும் கேட்க முடியாது. விளங்குதா? மிச்சத்தை நான் செய்யட்டுமா?"

"இல்லை, நானே."

உள்நுழைந்து பார்க்கும் எதையும், முகவரி எப்படி முடிந்தாலும், சேமிக்கக்கூடாது. நிரலில் இரண்டே வரிகள். மூன்று தரம் பிழையாகத் தட்டினாள். ஓட்டை அடைபட்டதைச் சோதித்துவிட்டுப் பதினொரு பிரதிகளையும் அழித்தாள்.

பிறகு நடைபாதைக்கு வந்து தொலைபேசியை எடுத்தாள்.

"சொல்லு பிள்ளை."

"எங்கையம்மா நிக்கிறீங்கள்?"

"குறொன்லாண்ட் கடைத்தெருவிலை. நல்ல முருங்கைக்காய் வந்திருக்காம்."

பின்னால் ஒரு நோர்வேஜியப் பெண்குரல் தடுக்கித் தடுக்கிக் கூப்பிட்டது. "கா... னகெஸ்... வாரி?"

"பிறகு எடுக்கிறன்," என்றாள் அம்மா.

ஆனால் இணைப்பைத் துண்டிக்கவில்லை. கதிரை உரசியது. மேலங்கி சரசரத்தது. "யா, யா, நான்தான்." ஒரு கதவு. அந்தப் பெண்குரல் இப்போது கிட்டத்தில், மெதுவாகக் கேட்டது: "இன்றைக்கும் தனியாகவா வந்தீர்கள்?"

நிசாந்தினியின் பெருவிரல் அழைப்பைத் துண்டிக்கும் சிவப்பு வட்டத்துக்கு மேலே நின்றது. திரையில் விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன. நாற்பத்தெட்டு. நாற்பத்தொன்பது.