அவர் அழைத்து வந்த சாட்சி

செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைத் தாண்டி ஒரு தெருவுக்குள், பன்னிரண்டு அறைகள் உள்ள விடுதியில் கீதாஞ்சலி ரிசப்ஷன் பார்த்தாள். தினமும் கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் வருவாள். ஓனர் சென்னையில். இங்கே எல்லாம் மேனேஜர் சக்கரவர்த்திதான்.

முதலில் பேச்சாகத்தான் இருந்தது. "இந்தக் கலர் உனக்கு எடுக்குது" என்பார். பிறகு சாவி கொடுக்கும்போது விரலைப் பிடித்துக்கொண்டார். அவள் சாவியை மேஜைமேல் வைக்க ஆரம்பித்தாள். ஒரு புதன்கிழமை மத்தியானம், ஏழாம் நம்பர் ரூமில் ஏசி ஓடுகிறதா பார் என்று அனுப்பிவிட்டு, பின்னாலேயே வந்து கதவைச் சாத்தி இடுப்பில் கை வைத்தார். அவரைத் தள்ளிவிட்டு வெளியே வந்தாள். வராந்தாவில், அறைகளைச் சுத்தம் செய்யும் கஸ்தூரி அழுக்கு பெட்ஷீட் மூட்டையோடு நின்றிருந்தாள்.

சாயங்காலம் கீதாஞ்சலி கேட்டாள். "அக்கா, நீங்க பார்த்தீங்க இல்ல?"

"என்னை இதுல இழுக்காத பாப்பா. எனக்கு இந்த வேலைய வாங்கிக் குடுத்ததே அவருதான்."

கீதாஞ்சலி ஓனருக்குப் போன் செய்தாள். "நான் பேசறேம்மா. பெரிசு பண்ணாத" என்றார். அவர் பேசியதன் பலன் அடுத்த வாரமே தெரிந்தது. சக்கரவர்த்தி அவளை ரிசப்ஷனிலிருந்து எடுத்து, மொட்டைமாடியில் துணி மடிக்கப் போட்டார்.

வீட்டில் அம்மா சரசு, "வேலைய விட்டு நின்னுடு" என்றாள்.

"நான் நின்னுட்டா வேற ஒரு பொண்ணை வைப்பாரு. அவகிட்டயும் இதே வேலையத்தான் காட்டுவாரு."

அம்மா, "புகார் குடுக்கறதுன்னா தனியா போவாத. நானும் வரேன்" என்றாள்.

வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸில் விசாரித்தார்கள். பத்து பேருக்கும் கம்மியாக வேலை செய்கிற இடமென்றால் மாவட்டப் புகார்க் குழுவிடம் தரலாம் என்று அங்கே வேலை செய்கிற ஒரு அம்மா விளக்கி, பேப்பர் கொடுத்தார். கீதாஞ்சலி இரண்டு பக்கம் எழுதினாள். 'இடுப்பு' என்று எழுதி, அடித்துவிட்டு, மறுபடியும் அதையே எழுதினாள்.

விசாரணையன்று சக்கரவர்த்தி சலவைச் சட்டையில் வந்தார். வேலை சரியில்லை என்று கண்டித்ததால் பழி போடுகிறாள் என்றார். அதற்குச் சாட்சியாகக் கஸ்தூரியைக் கூட்டி வந்திருந்தார்.

குழுத் தலைவி கஸ்தூரியை உட்காரச் சொன்னார். அவள் நின்றபடியே பேசினாள்.

"அன்னிக்கு சாரு ரூமுக்குள்ள போயி கதவைச் சாத்தினத பார்த்தேங்க. இந்தப் பொண்ணு 'விடுங்க சார்'னு கத்தினது கேட்டுது. அப்புறம் துப்பட்டாவ இழுத்துக்கினு வெளிய ஓடியாந்துச்சு."

சக்கரவர்த்தி எழுந்தார். "கஸ்தூரி, யோசிச்சுப் பேசு."

"ஒரு மாசமா யோசிச்சுக்கினுதான் சார் இருந்தேன்."

"இவ்வளவு நாளா ஏன் சொல்லல?" என்று தலைவி கேட்டார்.

"பயம்தாங்க. இந்தப் பொண்ணு கேட்டப்பகூட என்னை இழுக்காதன்னுட்டேன்."

வெளியே வந்ததும் சரசு கஸ்தூரியின் கையைப் பிடித்துக்கொண்டாள். கஸ்தூரி கீதாஞ்சலியைப் பார்த்துச் சொன்னாள். "வேலை வாங்கிக் குடுத்தாரு, வாஸ்தவம்தான். ஆனா நாலு வருஷமா பாத்ரூம் கழுவினது நானு."

இரண்டு மாதம் கழித்துக் குழுவின் அறிக்கை வந்தது. புகார் உண்மை என்றிருந்தது. சக்கரவர்த்தியை வேலையிலிருந்து நீக்கினார்கள். ஓனர் போன் செய்து, "என்கிட்டயே சொல்லியிருந்தா இவ்ளோ தூரம் போயிருக்காதே" என்றார்.

"உங்ககிட்டதான் சார் முதல்ல சொன்னேன்" என்றாள்.

அவர் திங்கட்கிழமையிலிருந்து ரிசப்ஷனுக்கே வரச் சொன்னார்.

திங்கட்கிழமை அவள் போனபோது ஒரு குடும்பம் பைகளோடு காத்திருந்தது. கீதாஞ்சலி உட்கார்ந்து, அவர்களுடைய ஆதார் அட்டைகளைக் கேட்டு வாங்கினாள்.