நான்கு வெள்ளிப் பொட்டுகள்

1.
சொல்லப்படாத ஒரு நன்றியிலிருந்து வந்தது இந்தக் கதை. நன்றி ராலிட்சாவுடையது. அவள் வேலை செய்யும் ப்ளோவ்டிவ் நகர ஆய்வுக்கூடத்தில் நான் குடுவை கழுவுகிறேன்.

முதல் தொடக்கம்: "ஜன்னலுக்கு வெளியே மழை..." வேண்டாம். அன்று மழை இல்லை.

இரண்டாவது: "ராலிட்சா அக்ரூட் ஓட்டைக் கரியாக்கி, அரைத்து, அச்சில் அழுத்திக் காசளவு வில்லையாக்கினாள்." இது இருக்கட்டும்.

2.
அந்த வில்லையில் மின்சாரம் எவ்வளவு எளிதாக ஓடுகிறது என்று அளக்க வேண்டும். வரிசையாக நான்கு வெள்ளிப் பசைப் பொட்டுகள் வைத்து, ஒவ்வொன்றிலும் மெல்லிய கம்பி ஒட்டுவார்கள். ஓரத்துக் கம்பிகள் மின்சாரத்தைச் செலுத்தும். நடுவிலுள்ள இரண்டும் மின்னழுத்தத்தைப் பார்க்கும். மாலைக்குள் நல்ல எண்ணை அனுப்பாவிட்டால் அக்ரூட் ஆராய்ச்சியையே நிறுத்திவிடுவதாக மேலிடம் சொல்லியிருந்தது.

எண் வந்தது. எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு நல்ல எண். யாருக்கு நல்லது நடந்ததோ அவர்தான் எங்கள் பக்கம் மற்றவர்களுக்கு இனிப்பு தர வேண்டும். ராலிட்சா கீழே ஓடிப்போய் ஒரு பெட்டி சாக்லேட் வாங்கிவந்து மேசை மேசையாக நீட்டினாள்.

3.
(பக்கத்து மேசை ஒக்னியனைப் பொறாமைக்காரனாக எழுதிப் பார்த்தேன். ஒத்துவரவில்லை. அவன் வெறும் கிண்டல்காரன்.)

"இன்னொண்ணு எடுத்துக்கவா?"

"எடு. இன்னிக்கு நான் பணக்காரி."

மென்றுகொண்டே, அவள் வில்லைக்கு மேலிருந்த லென்ஸில் குனிந்தான். மெல்லுவது நின்றது.

"ராலி, கோவிச்சுக்காத. நடுவுல ரெண்டு பொட்டும் கைகோத்துகிட்டு நிக்குது."

அவளும் பார்த்தாள். காயாத பசையில் தூரிகை இழுபட்டு, வெள்ளி ஒரு நூலாக ஓடியிருந்தது.

"அப்ப நான் அளந்தது?"

"வெள்ளிய. அதுல மின்சாரம் நல்லா ஓடும்னு உலகத்துக்கே தெரியும், தாயே."

"எல்லாரும் இனிப்பு தின்னாச்சே."

"நானும் ரெண்டு தின்னுட்டேன். திருப்பிக் கேக்காத."

சிரித்துவிட்டாள். (அழுதாள் என்று எழுதி அடித்துவிட்டேன்.)

4.
எண் இன்னும் அனுப்பப்படவில்லை. போயிருந்தால், வேறு ஊரில் யாராவது அளந்து பார்த்துத் தவறைக் கண்டுபிடித்திருப்பார்கள்; அப்புறம் அவள் தரும் எந்த எண்ணையும் யாரும் நம்பியிருக்கமாட்டார்கள். அதை நினைத்தபோது ஒக்னியன்மேல் அவளுக்கு —

(இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை. அவளாலும் முடியவில்லை.)

புது வில்லையைத் தேய்த்து வழவழப்பாக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நான்கு பொட்டுகள் வைத்தாள். காய்ந்ததும் கூப்பிட்டாள்.

"ஒக்னியன், அளக்கறதுக்கு முன்னாடி வந்து பாரு."

"பாத்தா என்ன தருவ?"

"ஒண்ணும் தரமாட்டேன். சும்மா வா."

வந்தான்.

5.
முடிவு அ: நல்ல எண். ஆராய்ச்சி தொடர்கிறது.

முடிவு ஆ: மோசமான எண். அக்ரூட் ஓடு குப்பைக்குப் போகிறது.

இரண்டையும் எழுதிவைத்திருக்கிறேன். இரண்டிலும் அவன் லென்ஸில் குனிந்திருக்கிறான். வெளிச்சம் மறையாமல் அவள் ஒதுங்கி நிற்கிறாள். அதற்குமேல் எனக்குத் தேவைப்படவில்லை.

எண் இருக்க வேண்டிய இடம் இது: ............

நீங்களே நிரப்புங்கள். அதற்கு முன், பக்கத்தில் இருப்பவரை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.