ஒன்றாம் எண்ணுக்கு நேரே

பதிவேட்டம்மா முப்பத்தொரு வருஷம் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வருகைப் பதிவேடு எழுதியவள். வராத பிள்ளைக்கு வந்ததாக ஒரு நாளும் போட்டதில்லை. தலைமையாசிரியரே வந்து இழுத்தாலும், "வந்தா வந்தான், வரலைன்னா வரலை" என்று பேனாவை மூடிவிடுவாள். அந்தக் கை ஒரே ஒரு தடவை தப்பாக டிக் போட்டது. யாருக்காகப் போட்டாள் என்று தெரிந்தால் நீங்களும் அவளைத் திட்ட மாட்டீர்கள்.

அவள் வீட்டுக்காரர் தொடங்கி வைத்தது அந்தச் சைக்கிள் பயணம். வருஷத்துக்கு ஒரு நாள், காலை ஆறு மணிக்கு நூலகத்து வாசலில் கிளம்பி, ஏரியைச் சுற்றி நூற்றைம்பது கிலோமீட்டர் மிதித்து, சாயங்காலம் ஆறு மணிக்குள் திரும்பி வந்து, கேட்டில் தொங்கும் மணியை அடிக்க வேண்டும். அடித்தவர்களுக்குச் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு துணி வில்லை. வேறு பரிசு ஒன்றும் கிடையாது. வேலை பார்க்கிறவர்கள் எல்லாரும் அக்கம்பக்கத்துக்காரர்கள், சும்மா வந்து செய்கிறவர்கள். போன மழைக்காலத்தில் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. "இந்த வருஷம் விட்டுடலாமே" என்று நாலு பேர் முனகியபோது, "வழி காட்டற அம்பு கட்ட ஆள் இல்லைன்னா நான் கட்டறேன்" என்று முன்னால் நின்றவள் இவள்தான்.

அவருக்கு எப்போதும் ஒன்றாம் எண். ஆனால் வருவது என்னவோ கடைசியாகத்தான். அவருக்கு முன்னால் ஆமை மிதித்துக்கொண்டிருப்பார். ஆமை என்றால் பூட்டு ரிப்பேர் செய்யும் அண்ணன்தான். தானே வைத்துக்கொண்ட பேர். வருஷா வருஷம் கடைசி எண்ணைக் கேட்டு வாங்குவார். "நமக்கு அதுதானே பொருத்தம்?" என்பார். சிநேகிதனைத் தனியே விடக் கூடாது என்று இவர் பின்னாலேயே வருவார். பத்தொன்பது வருஷம் அப்படி.

பயணத்துக்கு முந்தின நாள், மஞ்சள் அட்டை அம்புகளைக் கம்பங்களில் கட்டும்போது ஆமையும் கூட வந்தார். ஒரு காலைத் தாங்கித் தாங்கித்தான் நடந்தார்.

"தங்கச்சி, அடுத்த மாசம் முட்டியில கத்தி வைக்கறாங்க. அப்புறம் சைக்கிளையே தொடக் கூடாதாம். இருபதாவது தடவை அந்த மணியை அடிச்சுட்டா போதும். அவனுக்கும் சேர்த்து."

வேன் ஓட்டும் நாத்தனார் சும்மா இருப்பாளா? "அண்ணே, நீங்க வந்து அடிக்கறதுக்குள்ள மணி துருப்பிடிச்சிடும்."

"துருவெல்லாம் நான் பாத்துக்கறேன். என் தொழிலே அதுதானே" என்றார் ஆமை.

மறுநாள் விடியும்போதே மழை பிடித்துக்கொண்டது. நூற்றுப்பத்தாவது கிலோமீட்டரில் ஒரு பழைய எடைமேடைக் கொட்டகைதான் கடைசிச் சாவடி. அங்கே மேசை போட்டு, வருகிறவர் எண்ணுக்கு நேரே டிக் போட்டு, வாழைப்பழமும் தண்ணீரும் கொடுத்து அனுப்புவது பதிவேட்டம்மாவின் வேலை. மூன்றரை மணிக்குச் சாவடி மூடல். அதன் பிறகு வேனில் போய், அங்கிருந்து நூலகம் வரைக்கும் அம்புகளை அவிழ்க்க வேண்டும். அன்றைக்கே அவிழ்த்துவிட வேண்டும் என்று சாலை அலுவலகத்தில் எழுதி வாங்கியிருந்தார்கள்.

ஒருவரும் வந்து சேராத நேரத்தில் தாளைப் பிரித்தாள். போன வருஷத்துத் தாளையே திருத்தியிருந்தார்கள். ஒன்றாம் எண்ணை மட்டும் அழிக்க யாருக்கும் கை வரவில்லை போலிருக்கிறது. அவர் பேர் அப்படியே இருந்தது. பதிவேட்டம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நெற்றியில் பொட்டு வைப்பதுபோல மெதுவாக, அதற்கு நேரே ஒரு டிக் போட்டாள். யாருக்கு என்ன நஷ்டம்?

பேர் கொடுத்தவர்கள், ஒன்றாம் எண்ணைச் சேர்க்காமல், ஐம்பது பேர். மழையைப் பார்த்துப் பலர் போர்வையை விட்டே வரவில்லை. "நாப்பத்திரண்டு பேர் கிளம்பியிருக்காங்க" என்று நூலகத்திலிருந்து போன் வந்தது. மதியத்துக்கு மேல் ஒவ்வொருவராக வந்தார்கள். மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால், மழைக்கோட்டு மாட்டிய எட்டுப் பேர் ஒரே கும்பலாக வந்து, எண்ணைக் கத்திவிட்டு, பழத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார்கள். அவள் டிக்குகளை எண்ணினாள். நாற்பத்திரண்டு. இன்னொரு தடவை எண்ணினாள். நாற்பத்திரண்டேதான்.

"கணக்கு நேர். எடுத்து வை, கிளம்பலாம்."

"ஆமை அண்ணன் எப்ப போனாரு அண்ணி? என் கண்ணுல படலையே."

"மழைக்கோட்டு போட்டா எல்லாரும் ஒரே ஆள்தான். அந்தக் கும்பல்ல இருந்திருப்பாரு. ஏறு."

மணி மூன்று ஐந்து. வழி நெடுக வேனை நிறுத்தி, நனைந்து ஊறிய அம்புகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து மடியில் அடுக்கிக்கொண்டாள். வேலை நன்றாக முடிந்தது என்று மனசுக்குள் அவரிடம் சொல்லக்கூடச் சொன்னாள்.

நூலகத்து வாசலில் ஆமையின் பெண்சாதி, உலர்ந்த சட்டையும் துண்டும் வைத்துக்கொண்டு நின்றாள். ஐந்தே முக்கால் ஆகியும் அவள் கையில் சட்டை அப்படியே இருந்தது.

"எங்க வீட்டுக்காரர் எங்கேம்மா?"

"வந்திருப்பாரே அக்கா. நான் டிக்..."

சொல்லும்போதே பதிவேட்டம்மா பையைத் திறந்தாள். தாளைப் பிரித்தாள். கடைசி வரி வெறுமையாக இருந்தது. முதல் வரியில், காலையில் போட்ட டிக்.

நாத்தனார் எட்டிப் பார்த்தாள். ஓடிப்போய் வேனைக் கிளப்பினாள்.

ஆமை போன் எடுத்துப் போகிறவர் இல்லை. சாவடிக்குப் போகும் வழியெங்கும் தேடினார்கள். காணவில்லை. சாவடியிலிருந்து நூலகத்துக்கு வரும் வழியில், சாலை இரண்டாகப் பிரியும் இடத்தில், அம்பு கட்டியிருந்த கம்பம் மொட்டையாக நின்றது. வலது பக்கம் திரும்ப வேண்டும். அவர் இடது பக்கம் போயிருந்தார். அந்தப் பிரிவிலிருந்து பதினெட்டாவது கிலோமீட்டரில், சிமெண்டு கிடங்குகளைத் தாண்டி, ஒரு பேருந்து நிறுத்தத்துப் பலகையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சைக்கிள். முட்டி சுரைக்காய் மாதிரி வீங்கியிருந்தது. மணி ஏழே கால்.

"ரெண்டு தடவை பஞ்சர் தங்கச்சி. ஆனாலும் மூணு இருபதுக்கு வந்துட்டேன். பத்து நிமிஷம் மிச்சம் இருந்துச்சு. வந்து பாத்தா மேசையும் இல்ல, ஆளும் இல்ல, அம்பும் இல்ல. வாழைப்பழத் தோல்தான் கிடந்துச்சு. ரோடு பிரியற இடத்துல எப்பவும் பக்கம் சொல்றது அவன்தான், மழையில எனக்குப் புரியலை." அவர் சிரிக்கப் பார்த்தார். "என்னை மறந்துட்டீங்களோன்னு நெனச்சேன்."

"இல்லண்ணே." அவள் தாளை அவர் மடியில் விரித்து வைத்தாள். மறைத்து அவளுக்குப் பழக்கமில்லை. "ஒன்னாம் நம்பருக்கு, இவருக்கு, நான் டிக் போட்டேன். அதனால கணக்கு நேராயிடுச்சு."

ஆமை ஈர விரலால் அந்த டிக்கைத் தொட்டார். மழை கூரைத் தகரத்தில் சடசடத்தது.

"அவன் எனக்கு முன்னாடி போகவே மாட்டானே தங்கச்சி" என்றார். "எனக்கு அப்புறம்தானே வருவான்."

அவள் தாளை மடித்துப் பையில் வைத்தாள். நாத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டு சைக்கிளை வேனில் ஏற்றினாள்.

நூலகத்தில், "பரவால்லண்ணே, உங்க தப்பு இல்லையே, மணியை அடிங்க, வில்லை தர்றோம்" என்று எல்லாரும் சூழ்ந்துகொண்டார்கள். அவர் வேனை விட்டு இறங்கவே இல்லை. "வேன்ல வந்து அடிச்சா அது பால்காரன் மணிம்மா. வேணாம்." பெண்சாதி சட்டையை மாற்றிவிட, சின்னப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கிக் கொடுத்தார். நாத்தனார் அவர்களை வீட்டில் கொண்டுபோய் விட்டாள்.

ஆள் கலைந்த பிறகு, பதிவேட்டம்மா நூலக மேசையில் உட்கார்ந்து தாளை முன்னால் வைத்தாள். ஒப்படைப்பதற்கு முன் சரிசெய்ய வேண்டும் அல்லவா? ஐம்பத்தோராம் எண்ணுக்கு நேரே டிக் போட்டு, "3.20, நேரத்துக்குள்" என்று எழுதினாள். அடுத்த கட்டத்தில், "சாவடி 3.05-க்கு மூடப்பட்டது. தவறு என்னுடையது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

பிறகு பேனா மேலே போனது. முதல் வரியிலேயே ரொம்ப நேரம் நின்றது.

டிக்கை ஒரே கோட்டில் அடித்தாள். பக்கத்தில், முப்பத்தொரு வருஷம் எழுதிய அதே குண்டுக் கையெழுத்தில், "வரவில்லை" என்று எழுதினாள்.