பதினொரு பக்கங்கள்

மெக்கானிக்கின் சுயசரிதை இருநூற்று எட்டுப் பக்கம் வந்திருந்தது. அதில் பதினொரு பக்கத்தை மட்டும் தங்கையிடம் காட்டாமல் அச்சுக்கு விடுவதில்லை என்று இருந்தார்.

"காட்டாதீங்க," என்றார் அச்சகக்காரர். "சொந்தக்காரங்ககிட்ட காட்டின புக்கு எதுவும் உருப்பட்டதில்லை. போன மாசம் ஒருத்தர் பொண்டாட்டிகிட்ட காட்டினாரு. நானூறு பக்கம் போச்சு, எழுபதா திரும்பி வந்துச்சு."

"என் தங்கச்சி அப்படிப்பட்டவ இல்லை."

"மத்தவங்க புக்குல எல்லாம் தப்பு பண்றவன் பக்கத்து வீட்டுக்காரன். உங்க புக்குல நீங்களே பண்றீங்க. அதுக்காகவே விக்கும்."

"விக்கறதுக்கு இல்லைங்க."

"தெரியுது. நூறு பிரதி போடறவங்க யாரும் விக்கறதுக்குப் போடறதில்லை." ப்ரூஃப் தாள்களைத் தட்டி அடுக்கிக் கொடுத்தார். "திங்கக்கிழமை மெஷின் காலி. அதுக்குள்ள சொல்லிடுங்க."

அந்தப் பதினொரு பக்கத்தில் இருந்தது இது. எட்டு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில் மெக்கானிக்கும் தங்கையின் கணவரும் லிஃப்ட் பராமரிப்பில் இருந்தார்கள். வாரம் இரண்டு முறை சோதனை. யார் முறையோ அவர் சோதித்து, படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். இருவரும் தங்கள் பெயரில் வெற்றுப் படிவங்களில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு அலமாரியில் வைத்திருப்பார்கள். ஒருவர் வராவிட்டால் மற்றவர் போய்ப் பார்த்துவிட்டு, வராதவரின் படிவத்தை நிரப்பிவிடுவார். ஒன்பது வருஷம் அப்படியே ஓடியது.

ஒரு புதன்கிழமை மாப்பிள்ளையின் முறை. அவருக்கு வெளியே வேலை இருந்தது. மெக்கானிக் போனார். பிரேக்கின் மூடியைத் திறக்கவில்லை. போன வாரம் நன்றாகத்தானே இருந்தது என்று படிவத்தை நிரப்பினார். சனிக்கிழமை மூன்றாம் எண் லிஃப்ட் இரண்டாம் மாடியிலிருந்து நிற்காமல் கீழே போனது. உள்ளே இருந்த டைப்பிஸ்ட் பெண்ணுக்கு ஒரு கால் போயிற்று. கையெழுத்து மாப்பிள்ளையுடையது. வேலையும் அவருடையதுதான் போனது.

தங்கை கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பக்கத்திலிருந்தே ஆரம்பித்தாள். சமையலறையில் அவளுக்கு எதிரே மெக்கானிக் உட்கார்ந்திருந்தார்.

"அம்மா உன்னை அடிச்சதை ரெண்டு பக்கம் எழுதியிருக்கே," என்றாள். "மொத்தமே ரெண்டு தடவைதான் அடிச்சாங்க. நான் வாங்கினதை யாரு எழுதறது?"

"நீ எழுது."

"எனக்கு இருநூறு பக்கம் பத்தாது."

அவள் அடுத்த தாளைத் திருப்பினாள். அந்தப் பதினொரு பக்கம் தொடங்கும் நூற்றுப் பன்னிரண்டுக்கு அவள் வந்தது மெக்கானிக்குக்குத் தெரிந்தது. தாளைத் திருப்பும் வேகம் குறைந்தது. முடித்துவிட்டு மறுபடி அந்த இடத்துக்குப் போனாள். இரண்டாம் முறையும் படித்தாள்.

"முப்பது வருஷம்," என்றாள். "அவரு வீட்டைப் பூட்டிட்டு வந்தா நான் திரும்பிப் போய் இழுத்துப் பார்ப்பேன். கேஸை அணைச்சாருன்னா நான் ஒருதடவை பார்ப்பேன். பையன் முன்னாலேயே சொல்லுவேன், உங்க அப்பா பார்த்துட்டேன்னு சொன்னா பார்க்கலைன்னு அர்த்தம்டான்னு. சிரிச்சுக்கிட்டே போவாரு அண்ணா. ஒருதடவை கூட வாயைத் திறக்கலை."

மெக்கானிக் மேசையைப் பார்த்தார்.

"இதை எப்ப எழுதினே?"

"மார்ச்சுல."

"அவரு பிப்ரவரில தவறிப் போனாரு."

"ஆமா."

அவள் கண்ணாடியைக் கழற்றி மடித்தாள்.

"நல்லா எழுதியிருக்கே. நடுவுல எனக்கே உன் மேல பரிதாபமா இருந்துச்சு. அதான் எனக்குப் பொறுக்கலை."

"வேண்டாம்னா எடுத்துடறேன். ஒரு வார்த்தை சொல்லு. திங்கக்கிழமை வரைக்கும் டைம் இருக்கு."

"எடுத்தா நான் படிச்சது இல்லைன்னு ஆயிடுமா?"

"நீ என்ன சொல்றியோ அதைச் செய்யறேன் பாப்பா. உன்னை விட்டா எனக்கு யாரும் இல்லை."

"அதையும் என் தலையில கட்டு."

எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். திரும்பி வந்து போனை எடுத்து மகனின் எண்ணை அழுத்தினாள்.

"அவன்கிட்ட நீ சொல்லு. புக்குல படிச்சுத் தெரிஞ்சுக்க வேண்டாம்."

மெக்கானிக் தாள்களை இழுத்து நூற்றுப் பன்னிரண்டைத் தேடினார்.

"படிக்காதே. சொல்லு."

"என்னம்மா?" என்றது போன்.

"நான்தான்டா, மாமா."

"என்ன மாமா, புக் வந்துடுச்சா? உங்க ஆட்டோகிராஃபுக்கு இப்பவே வரிசையில நிக்கணுமா?"

எழுதும்போது முதல் வரிக்கு நான்கு நாள் ஆகியிருந்தது. அந்த வரி மழையில் ஆரம்பித்து, கட்டடத்தின் வாசலுக்கு வந்து அங்கிருந்து மெல்ல மேலே ஏறும். இப்போது அதில் ஒரு சொல்லும் வாயில் வரவில்லை.

"லிஃப்ட் விழுந்துச்சே, அந்த வாரம் பார்க்கப் போனது நான்," என்றார். "உங்க அப்பா இல்லை. போனேன், திறந்து பார்க்கலை. அவரு கையெழுத்து போட்டு வச்சிருந்த தாளை நிரப்பிட்டேன்."

எங்கோ ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டே போனது.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"அன்னைக்கே தெரியும்."

"அப்புறம் ஏன் மாமா யாரும் சொல்லலை?"

"விசாரணை நடந்த ரூமுக்கு வெளியே பெஞ்சுல உட்கார்ந்திருந்தோம். அவரு சொன்னாரு, சொன்னா கையெழுத்து விஷயம் வெளியே வரும், ரெண்டு பேரும் வேலையை விட்டுப் போகணும், ஒருத்தன் போதும்னு."

தங்கை நிமிர்ந்தாள். அது புத்தகத்தில் இல்லை.

"அவராவே சொன்னாரா?" என்றான் மகன்.

"ஆமா." மெக்கானிக் நிறுத்தினார். "ஒருதடவைதான் சொன்னாரு. வேற யாராவது இருந்திருந்தா மறுத்துப் பேசியிருப்பாங்க. எனக்கு அந்த ஒருதடவை போதுமா இருந்துச்சு."

தங்கை கை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். கதவு சாத்தப்பட்டது. "ஆமாடா," என்று கேட்டது.

மெக்கானிக் தாள்களை அடுக்கினார். பதினொரு பக்கத்தையும் தனியே எடுத்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. பேனாவைத் தேடி, சற்று முன் போனில் சொன்னதைச் சொன்னபடியே எழுதினார். ஆறு வரி வந்தது. போனில் சொல்லாத ஏழாவது வரி ஒன்றைத் தொடங்கினார். நிறுத்தினார். கதவு இன்னும் திறக்கவில்லை.