மூன்றாவது இன்ஜெக்டர்

காலையில் பாத்திரம் கழுவிக்கொண்டே மூன்று தடவை கேட்டேன், "சாப்பாட்டை எடுத்தாச்சா?" என்று. பதிலே இல்லை. டப்பாவை மேசையிலேயே விட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டார் என் வீட்டுக்காரர். கொஞ்ச நாளாகவே இப்படித்தான். கல்யாணமான புதிதில் நான் முணுமுணுத்தால்கூடத் திரும்பிப் பார்த்த மனுஷன், இப்போது கத்தினாலும் கல்லு மாதிரி நிற்கிறார். இன்று நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்றுதான் டப்பாவோடு ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன்.

அவர் முகத்தைப் பார்த்ததும் டப்பாவை மட்டும் ஓரமாக வைத்தேன். சுவரை ஒட்டி நின்ற ஒரு பழைய கார், பானட்டைத் திறந்துகொண்டு, குளிர்காய்ச்சல் வந்த மாதிரி உதறிக்கொண்டிருந்தது. முதலாளி என்னிடம் சொன்னார்: "சாயங்காலம் வண்டிக்காரர் வர்றாரு. ரெண்டு தடவை திரும்பி வந்த வண்டி இது. இன்னிக்கும் உதறுச்சுன்னா, உன் வீட்டுக்காரரை வேற எடம் பாத்துக்கச் சொல்லும்மா."

வேறு இடம் எங்கே இருக்கிறது? புது வண்டியில் கம்ப்யூட்டரைச் சொருகினால் அதுவே கோளாறைச் சொல்லிவிடும். பழைய வண்டியில் சொருக இடமே கிடையாது. நீளமான ஸ்க்ரூட்ரைவரின் முனையை இன்ஜெக்டர் மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்பார் இவர். பெட்ரோலைத் தூவும்போது உள்ளே டிக் டிக் என்று சத்தம் வரவேண்டும். வராவிட்டால் அது செத்துவிட்டது. இதற்காகத்தான் இவரை வைத்திருக்கிறார்கள். அங்கே இவர் பேரே காதுக்காரர்.

"நாலு இன்ஜெக்டர்ல மூணாவதும் நாலாவதும் பேசமாட்டேங்குது," என்றார். "புதுசு மாத்தினேன். வயரையும் மாத்தினேன். புதுசு எப்படி செத்தே வரும்? எனக்கு ஒண்ணும் புரியலை."

முன்னால் இருக்கும் ஒன்றையும் இரண்டையும் வலது காதால் கேட்டுவிட்டு, பின்னால் இருக்கும் அந்த இரண்டையும் கேட்க, சுவருக்கும் வண்டிக்கும் நடுவே நுழைந்து குனிந்து இடது காதை வைத்தார். உதட்டைப் பிதுக்கினார். ஸ்க்ரூட்ரைவரை என் கையில் திணித்தார்.

"நீயாவது கேளு."

எனக்கு மிக்ஸி நின்றுபோனாலே என்ன செய்வதென்று தெரியாது. காதில் வைத்தேன். டிக் டிக் டிக் டிக். நாலாவதிலும் அப்படியே.

"கேக்குதே."

"சும்மா சொல்லாத."

"நல்லாவே கேக்குதுங்க."

வாங்கி மறுபடியும் இடது காதில் வைத்தார். பிறகு கழுத்தை ஒடிக்கிற மாதிரி திருப்பி, வலது காதை வைத்தார். அந்தக் காதில் கேட்டுவிட்டது என்று முகத்திலேயே தெரிந்தது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இந்த மனுஷனையா இத்தனை நாள் திட்டித் தீர்த்தேன்.

"அப்ப கோளாறு இதுல இல்ல," என்றார் மெதுவாக.

என்ஜின் ஓட ஓட ஒவ்வொரு இன்ஜெக்டரின் வயரையும் பிடுங்கி மாட்டினார். நல்லதைப் பிடுங்கினால் என்ஜின் இன்னும் தள்ளாடும். இரண்டாவதைப் பிடுங்கியபோது ஒரு மாற்றமும் இல்லை. வாய் அடைத்துப்போய், பெட்ரோலே தூவாமல், டிக் டிக் என்று சத்தம் மட்டும் போட்டுக்கொண்டு இருந்திருக்கிறது அது. சத்தம் வருகிறதே என்று இவர் அதைத் தொடவே இல்லை.

செத்துவிட்டது என்று கழற்றிப் போட்ட பழைய மூன்றாவது, கழிவுத் தட்டில் கிடந்தது. அதைத் துடைத்து, புது ரப்பர் வளையம் போட்டு, இரண்டாவதன் இடத்தில் மாட்டினார். என்ஜின் உதறல் நின்று சீராக ஓடியது.

சத்தம் மாறியதைக் கேட்டு முதலாளி வந்து அவர் தோளில் தட்டினார். "உன் காது காதுதான்யா. நாளைக்கு இதே மாதிரி இன்னும் ரெண்டு வருது."

"வரட்டும் சார்," என்றார். முதலாளி போன பிறகு, என்னைப் பார்க்காமல், டப்பாவைத் திறந்தபடியே சொன்னார்: "நாளைக்கும் சாப்பாட்டை நீயே கொண்டுவா. கொஞ்சம் சீக்கிரமா வா."

"வரேன்," என்றேன்.

"என்ன, வரமாட்டியா?"

நான் சுற்றி வந்து அவருடைய வலது பக்கம் நின்றேன்.

"வரேன்னு சொன்னேங்க."