மூன்று பேய்ப்படமும் ஒரு பிஸ்கட் டின் அரிசியும்

பாலோ டவுன் படக்கொட்டகையில் விடிய விடிய மூன்று பேய்ப்படம் என்று தமுக்கடித்துச் சொன்னபோது, சந்திரமதியின் காதில் பேய் விழவில்லை. அரிசிதான் விழுந்தது. மூன்றாவது படம் முடியும்போது யார் முழித்து உட்கார்ந்திருக்கிறார்களோ அவர்களுக்குப் பெரிய பிஸ்கட் டின் நிறைய அரிசி! சும்மா சொல்லவில்லை, டின்னைத் திறந்தே காட்டினார்கள். ஜப்பான்காரன் வந்த நாளாக மரவள்ளிக்கிழங்கைத் தின்று நாக்கு செத்துப்போன சனத்துக்கு முன்னால் இப்படி ஒரு டின்னைக் காட்டுவது எவ்வளவு பெரிய பாவம், யோசித்துப் பாருங்கள்.

கொட்டகை முதலாளி சீனத் தவுக்கேக்கு வேறு வழியில்லை. ஜப்பான் பட்டாளம் அணிவகுத்துப் போகிற படத்தையே எத்தனை தடவைதான் பார்ப்பார்கள்? கொட்டகை காலி. அதனால் ஒளித்து வைத்திருந்த பழைய பேய்ப்படச் சுருள்களை வெளியே எடுத்தார். ராத்திரி ஊரடங்கு இருந்ததால் சாயங்காலம் உள்ளே போகிறவர்கள் விடிந்துதான் வெளியே வர முடியும்.

சந்திரமதிக்கு அந்த அரிசி தங்கச்சி கருப்பாயிக்காக வேண்டியிருந்தது. ஏழு மாசம். வெள்ளிக்கிழமை வளைகாப்பு. தாயில்லாப் பெண்ணுக்கு அக்காதான் தாய். வளைகாப்பென்றால் விதவிதமாகச் சோறு ஆக்கி இலையில் வைக்க வேண்டும், கிழங்கையா வைப்பது? கருப்பாயி வாய்விட்டு எதுவும் கேட்கிறவள் இல்லை. ஒரே ஒரு நாள் தூக்கத்தில், “அக்கா, சோறு” என்று முனகினாள். அக்காக்காரிக்குப் பெற்ற வயிறாகப் பற்றி எரிந்தது.

ரப்பர் தோட்டத்திலிருந்து இருபது பேர் கிளம்பிப் போனார்கள். வாசலில் கொட்டகை மேனேஜர் மரியநாதன் பெஞ்சு மேல் ஏறி நின்று சட்டம் சொன்னார்.

“பயந்து வெளிய ஓடினா அரிசி கிடையாது. மூணாவது படம் முடியறப்ப யார் முழிச்சு உட்கார்ந்திருக்காங்களோ அவங்களுக்குத்தான். நாலு பேரு இருந்தா நாலு பங்கு.”

பேய்ப்படத்தில் எவனாவது தூங்குவானா என்று அந்த நல்ல மனுஷன் நினைத்திருப்பார். தோட்டத்து ஆட்களை அவருக்குத் தெரியாது. பால்வெட்டு நின்று கிழங்கு நடவு வந்த பிறகும், விடிந்தும் விடியாததுமாக ஆள் கணக்கெடுக்கிற பெரட்டு மட்டும் நிற்கவில்லை. கோழி கூவுமுன் எழுகிற சனம், விளக்கு வைத்ததும் படுத்துவிடும். சந்திரமதிக்குப் பேய் பயமில்லை. தூக்கம்தான் பயம்.

“ஏங்க, நான் கண்ண மூடினா கிள்ளுங்க,” என்றாள் புருஷன் சின்னத்தம்பியிடம்.

“என்னை யாரு கிள்ளுறது?” என்றான் அவன், அப்போதே கொட்டாவி விட்டுக்கொண்டு.

மடியில் பச்சைமிளகாயும் வைத்திருந்தாள். முன்வரிசையில் டவுன் ஆபீசில் கணக்கெழுதும் கிராணி ரோலண்ட் கால்மேல் கால் போட்டு, “அரிசி எனக்குத்தான் லா, நீங்க வீட்டுக்குப் போய்ப் படுங்க” என்று சீண்டினான். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். வாயைத் திறந்தால் கொட்டாவி வந்துவிடும் என்ற பயம்.

முதல் படத்தில் பேய் வந்தது. தலைவிரி கோலமாக, வெள்ளைவெளேரென்று சீலை கட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் பறந்தது. கோணிச்சாக்கைத் தைத்து உடுத்தியிருந்த பேச்சியம்மாள் நெஞ்சில் கை வைத்தாள்.

“ஆத்தாடி! எத்தனை முழம் சீலை! இதுக்கு மட்டும் எந்தக் கடையில அளந்து குடுக்கிறானோ?”

சுற்றியிருந்த பெண்கள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். சிரித்த அலுப்பில் சந்திரமதிக்குக் கண் சொருகியது. மிளகாயைக் கடித்தாள். கண்ணீர் வந்தது, தூக்கமும் கூடவே வந்தது. இரண்டாவது படத்தின் பேய் எந்த ஊர்ப் பேய், என்ன செய்தது என்பதெல்லாம் இன்றுவரை அவளுக்குத் தெரியாது.

திடுக்கிட்டு விழித்தபோது திரையில் மூன்றாவது படம். மந்திரவாதி ஒருவன் தலைவாழை இலை விரித்து, மலைபோலச் சோற்றைக் குவித்துப் பேயைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

“பேய்க்குச் சோறாம்! அடப்பாவி, அது என்ன பிள்ளத்தாச்சியா?” என்று கத்தியேவிட்டாள். பிறகுதான், தூங்கிவிட்டோமே என்று உறைத்தது. சுற்றிலும் பார்த்தாள். சின்னத்தம்பி தலைப்பாகை கட்டிக்கொண்டிருந்தான். பேச்சியம்மாள் கொண்டையை முடிந்துகொண்டிருந்தாள். இருபது பேரும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். ஊர்க் கடிகாரத்தையெல்லாம் ஜப்பான்காரன் தோக்கியோ நேரத்துக்கு மாற்றினான். உடம்பை மாற்ற அவனாலும் ஆகவில்லை. பெரட்டுக்கு எழுகிற நேரம் வந்ததும் அத்தனை கண்ணும் தானாகத் திறந்துகொண்டன.

டவுன்காரர்கள்? இரண்டு படத்துக்கும் வீரமாக அலறிவிட்டு, வரிசை வரிசையாகச் சாய்ந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்கள்.

படம் முடிந்து விளக்கு எரிந்தது. மரியநாதன் கை தூக்கச் சொன்னார். இருபது கை எழுந்தது. ரோலண்ட் அந்த வெளிச்சத்தில்தான் எழுந்து வாயைத் துடைத்துக்கொண்டான்.

“அலமாக்! இவங்க எல்லாம் பாதி ராத்திரி வரைக்கும் தூங்கினாங்க, நான் பார்த்தேன்!”

மரியநாதன் தயங்கினார். அரிசி கைநழுவிப் போகிறதே என்று சந்திரமதிக்கு உயிரே போய்விட்டது. எழுந்து நின்றாள்.

“ஐயா, நீங்க போட்ட சட்டம் என்ன? படம் முடியறப்ப முழிச்சிருக்கணும். முழிச்சிருக்கோம். அதுக்கு முன்னாடி தூங்கினோம்னா பேய்தான கோவிச்சுக்கணும், இவருக்கு என்ன வந்துச்சு?”

கொட்டகையே சிரித்தது. மரியநாதனும் சிரித்துவிட்டார்.

“சட்டம் போட்டது நான்தான். பங்கு போட்டுக்குங்க.”

ஆளுக்கு ஒரு பால் டின் அளவு வந்தது. சந்திரமதிக்கும் புருஷனுக்கும் சேர்த்து இரண்டு டின். மற்றவர்கள் முந்தானையிலும் துண்டிலும் முடிந்துகொண்டு பெரட்டுக்கு ஓட்டமாக ஓடினார்கள். அவளுக்குச் சந்தோஷமும் வந்தது, கவலையும் வந்தது. இரண்டு டின்னில் ஒரு வகைச் சோறுதான் ஆகும். வருகிற சனத்துக்கு என்ன போடுவது? பங்கை விட்டுக்கொடுங்கள் என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. அவர்கள் வீட்டிலும் வயிறு இருக்கிறதே.

வெள்ளிக்கிழமை தேங்காய்ச்சோறு ஆக்கினாள். கண்ணாடி வளையலுக்கு எங்கே போவது, வேப்பங்கொழுந்தை முறுக்கிக் காப்புப் போட்டாள். அப்போது பேச்சியம்மாள் மூடிய சட்டியோடு வந்தாள். திறந்தால் புளிச்சோறு.

“என்ன அத்தாச்சி இது?”

“வளைகாப்புக்கு வெறுங்கையோட வருவாங்களா? என்னை என்னன்னு நெனச்ச நீ?” என்று சண்டைக்கு வந்தாள் பேச்சியம்மாள்.

அவள் பின்னாலேயே கொட்டகையில் பங்கு வாங்கிய காளியப்பன் பெண்டாட்டி எலுமிச்சஞ்சோறு கொண்டுவந்தாள். அதற்குப் பின்னால் எள்ளுச்சோறு, வெல்லச்சோறு. சமைக்கத் தெரியாத ஒண்டிக்கட்டை வீரமுத்து குழைந்துபோன வெறுஞ்சோற்றைக் கொண்டுவந்து, “இதுவும் ஒரு வகைதான்” என்றான். லயத்து வீட்டு வரிசையே மணத்தது.

கருப்பாயி ஒவ்வொரு வகையாகத் தின்றாள். யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் தின்றாள். சந்திரமதி வைத்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் கருப்பாயி இலைக்கு மேல் கையைக் குறுக்கே வைத்து மறித்தாள்.

“போதும்க்கா.”

எல்லாரும் அவள் இலையைத் திரும்பிப் பார்த்தார்கள். ஜப்பான்காரன் வந்த நாளாக அந்த லயத்தில் யாரும் யார் இலையிலும் அந்த வார்த்தையைச் சொல்லிக் கேட்டதில்லை. சந்திரமதி கரண்டியைக் கீழே போட்டுவிட்டு ஓவென்று அழுதாள். அழுதுகொண்டே தங்கச்சியின் மோவாயைப் பிடித்து நிமிர்த்தினாள்.

“இன்னொரு தடவ சொல்லுடி,” என்றாள்.