ஆதியில் ஒரு பள்ளம் இருந்தது

1

இந்தக் கதை ஒரு சண்டையில் பிறந்தது. உயர்ந்த நோக்கத்தில் பிறந்தது என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் இதை எழுதுகிறவளின் கணவர் பக்கத்து அறையில் இருக்கிறார், கேட்டால் சிரித்துவிடுவார். கொல்லையில் இருக்கிற மண் தரைக்கு சிமெண்ட் போட வேண்டும் என்றார் அவர். கூடாது என்றாள் இவள். அவருக்குப் புத்தி வரட்டும் என்றே எழுத உட்கார்ந்தாள்.

2

முதல் தொடக்கம்: உலகம் உண்டானபோது மனிதன் கடைசியாக வந்தான். புல், புழு, பறவை எல்லாம் முன்பே குடியேறிவிட்டன. ஆகவே அவன் இங்கே விருந்தாளி. விருந்தாளி வீட்டுக்காரர் தலையில் சிமெண்டைக் கொட்டலாமா?

(அவளுக்கே பிடித்துப்போயிற்று. சாப்பிடும்போது வாசித்துக் காட்டினாள்.)

"எல்லாத்தையும் தயார் பண்ணி வச்சிட்டுக் கடைசியா ஒருத்தனைக் கூப்பிட்டா, அவன் விருந்தாளி இல்ல. மாப்பிள்ளை," என்றார் அவர்.

அந்தத் தொடக்கத்தை அடித்துவிட்டாள்.

3

இரண்டாம் தொடக்கம்: மண்ணை மதிக்கத் தெரியாத ஒரு மனிதர் இருந்தார். செருப்பில் ஒட்டிய மண்ணைக்கூட அவர்

(வாக்கியம் இங்கேயே நிற்கட்டும். அவர் பின்னால் வந்து நின்று படித்துவிட்டார்.)

கோபித்துக்கொள்வார் என்று நினைத்தாள். அவரோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இந்த இடமே ஒரு காலத்தில் பள்ளமாம். முழங்கால் அளவு தண்ணீர் நிற்குமாம். யாரும் சீந்தாததால்தான் அவர் அப்பாவுக்குக் கிடைத்தது. வேலை விட்டு வந்து அப்பா மண்ணை வெட்டிக் கொடுப்பார். அம்மாவும் இவரும் கூடையில் சுமந்து கொட்டுவார்கள். அடுத்த மழை பாதியை இழுத்துக்கொண்டு போகும். மறுபடி கொட்டுவார்கள்.

"உன் கதையில யாரோ படைச்சுக் கொடுக்கறாங்க. இதை நாங்க படைச்சோம். சாகற வரைக்கும் மழை பெஞ்சா அப்பா தூங்க மாட்டார். சிமெண்ட் போட்டுட்டா அவர் வேலை முடிஞ்சிரும்னு தோணுது."

இத்தனை வருடம் கூடக் குடித்தனம் நடத்தியும் அவளுக்கு இது தெரியாது.

4

(இதை அடிக்குறிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். மழை பெய்தால் கொல்லையில் தவளைகள் காது கிழியக் கத்தும். எங்கிருந்து வந்து தொலைகின்றன என்று திட்டுவாள். இப்போதுதான் புரிகிறது: அவை எங்கிருந்தும் வரவில்லை. ஆதியில் தண்ணீர் இருந்தது என்று அவையும் தங்கள் கதையைத் தொடங்கலாம். அந்தக் கதையில் மாமனார் யாராக வருவார்?)

தயங்கித் தயங்கி அவரிடமே கேட்டாள். அவர் எழுந்து போய்க் கொல்லைக் கதவைத் திறந்து பார்த்தார். பிறகு, "அதுங்களுக்கு அப்பாவை நல்லாவே தெரியும்," என்றார்.

5

மறுநாள் காலையில் மேஸ்திரி வந்து சிமெண்ட் கலவையும் குழைத்துவிட்டார்.

இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தாள். ஒன்றில் கணவர் மனம் மாறி மேஸ்திரியைத் திருப்பி அனுப்புகிறார். படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் மாமனாரை இன்னும் தூங்கவிடாமல் வைத்திருக்கிறது. இன்னொன்றில் அவள் விட்டுக்கொடுக்கிறாள், அடுத்த மழையில் தவளைகள்

(இதையும் முடிக்க முடியவில்லை.)

நடந்தது என்னவோ இதுதான். போட்டுவிடலாமா என்று மேஸ்திரி கேட்டார்.

"வீட்டம்மாவைக் கேளுங்க," என்றார் கணவர். கிண்டலாகச் சொல்லவில்லை.

ஒரு வாரமாக வாய் ஓயாமல் வாதாடியவளுக்கு அந்த நேரம் பார்த்து ஒரு வார்த்தை வரவில்லை. அவருக்குத் தெரிந்தது, அவளுக்குத் தெரிந்தது எல்லாம் இப்போது உங்களுக்கும் தெரியும். மேஸ்திரி மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிற்கிறார். கலவை இறுகிக்கொண்டிருக்கிறது. நீங்களாவது ஏதாவது சொல்லுங்களேன்.